ஒரே ஒரு ஓட்டு விழுந்த பூத்

அக்கா,

வாக்காளர் பட்டியலின் புதுக் கட்டு நேற்று வந்தது. செய்யூர் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கயிற்றைப் பிரித்ததும் அச்சு மை வாசனை குப்பென்று அடித்தது. நாலைந்து பக்கம் புரட்டியதும் நீ இருந்தாய். பெயர், கணவர் பெயர், வீட்டு எண், வயது, பக்கத்தில் ஃபோட்டோ. அந்த ஃபோட்டோ வந்த அன்று என்னோடு எவ்வளவு சண்டை போட்டாய். "இன்னா டீச்சரு இது, மீனு திருடுன பூனையாட்டம் கீறேன். இத்தயா டில்லி வரைக்கும் அனுப்புவ?" என்றாய். நான் என்ன செய்ய? அங்கன்வாடி வேலைக்கு வந்தவளுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று இன்னொரு பட்டத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். காலையில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு, சாயங்காலம் வீடு வீடாகப் பட்டியல்.

உன் ஃபோட்டோவுக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பட்டியலில் உள்ளவர் இப்போது ஊரில் இல்லை என்றால் காரணத்தை அதில் எழுத வேண்டும். இறப்பு, இல்லாவிட்டால் இடமாற்றம். ஒருவருக்கு ஒரு காரணம்தான், இரண்டை எழுதிக் குழப்பாதீர்கள் என்று பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நீ இரண்டையும் செய்துவிட்டுப் போனவள். முதலில் ஊரை விட்டுப் போனாய், அப்புறம் எங்களை எல்லாம் விட்டே போய்விட்டாய். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத வரவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. இருந்தபோதும் நீ கடுதாசி படித்தவள் இல்லை, யாராவது படித்துக் காட்ட வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நானாகத்தான் இருந்தேன்.

போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின மழைக்காலத்தில் கடல் நம் குப்பத்தின் முதல் வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டு போனது. உன் வீடு இரண்டாவது வரிசை. கதவைத் திறந்தால் எதிர்வீடு இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாய். கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டிக் கொடுங்கள், அலை ஊருக்குள் வராது என்று செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமைதோறும் மனு கொண்டுபோனார்கள். மனு எழுதினது நான்தான். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ரசீது கொடுத்தார்கள். கல் மட்டும் வரவில்லை. அதற்குள் தேர்தல் வந்துவிட்டது.

கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் கரையோரத்தில் ஊர்க்கூட்டம் என்றாலே ஆண்கள் கூட்டம்தான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல் வரும்வரை ஓட்டு இல்லை என்று முடிவானது. மீறிப் போட்டால் அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, அந்த வீட்டு ஆளைப் படகில் ஏற்றக் கூடாது, கரையில் நடக்கும் ஏலத்தில் அவர்களுக்கு மீன் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி ஏறியது. உன் கூரையிலும் ஒருவன் வந்து கட்டிவிட்டுப் போனான். நீ அப்போது குழாயடியில் என் பக்கத்தில் நின்று குடம் கழுவிக்கொண்டிருந்தாய்.

"கட்டட்டும். கொடி அவன்து, கூர என்து" என்றாய். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏன் டீச்சரு, இதுல நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றாய்.

"எப்பக்கா கேட்டிருக்காங்க?" என்றேன்.

"அதான் சொல்றேன். கோயிலாண்ட நம்ம வாயத் தொறக்க முடியாது. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா அந்தப் பொட்டிகிட்டதான் நம்மளுக்கு ஒரு பேச்சு கீது. அத்தயும் இவுங்களே வோணாம்னு சொன்னா இன்னா அர்த்தம்?"

நான் சிரித்தேன். பதில் தெரியாத இடத்தில் சிரித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, உனக்குத்தான் தெரியுமே.

அதற்குப் பத்து நாள் கழித்துக் கடப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அந்த ஆட்டோ வந்தது. நீ கூடையை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தாய், நான் பஸ்ஸை விட்டு இறங்கி உன் பக்கத்தில் நின்றிருந்தேன். பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்த பாய் சுயேச்சையாக நின்றார், கத்தரிக்கோல் சின்னம். கூட வந்தவர்கள் ஆட்டோ டிரைவரும் பாயின் மச்சானும் மட்டும். பெரிய கட்சிகளின் வேன்கள் காலையிலேயே வந்து காது கிழியக் கத்திவிட்டுப் போயிருந்தன. பாய் மைக்கைப் பிடித்து நாலு வரி பேசினார், தொண்டை கட்டிக்கொண்டது. நின்று கேட்க ஆளும் இல்லை. நீ சும்மா இருக்கவில்லை. "இன்னா பாய், ஓட்டு கேக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு இன்னா வோணும்னு கேளு" என்றாய். வேறொருவராக இருந்தால் கும்பிட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார். இவர் ஆட்டோவை விட்டு இறங்கி வந்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்று மைக்கை உன் கையில் கொடுத்தார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாய். முதல் வார்த்தை ஒலிபெருக்கியில் வந்ததும் நீயே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு பேசினாய்.

"மாபலிபுரத்துல கல்லுக் கோயில அலை வந்து மோதக் கூடாதுன்னு சுத்திக் கல்லு கொட்டிக் கீறாங்க. நல்லதுதான், வோணாம்னு சொல்லல. மனுசன் படுத்துத் தூங்குற வூட்டுக்கு ஒரு கல்லு போட மாட்டேங்கறாங்க. அதுக்கோசரம் ஓட்டே போடாதன்னு எங்க ஊரு ஆம்பளைங்க சொல்லிக் கீறாங்க. எங்கள யாரும் கேக்கல. டில்லிக்காரனும் கேக்கல, ஊருக்காரனும் கேக்கல. அவ்ளதான்."

ஒரு நிமிஷம் இருக்காது. பாய் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதுக்கு மேல நான் இன்னாம்மா பேசுறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு உன் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை உன் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. மிச்ச மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு என்னோடு நடந்தே வந்தாய். சந்துக்குள் திரும்பும்போது சொன்னாய். "நான் போய்ப் போடப் போறேன், டீச்சரு. நீயும் வா. ரெண்டு பேரா போனா ஒருத்திக்கு ஒருத்தி தொண."

"பார்க்கலாங்க்கா" என்றேன்.

பார்க்கலாம் என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வருமா என்று தாய்மார்கள் கேட்டாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். உனக்குப் புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, படகில் உனக்கு ஆள் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் படகில் ஒரு பங்கு உண்டு. அதை வைத்துத்தான் சோறு. அங்கன்வாடிச் சம்பளத்தில் என்ன ஆகும்? இதை எல்லாம் அன்றே உன்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பார்க்கலாம் என்றேன், நீயும் அதைப் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டாய்.

ஓட்டு நாள். நம் தொடக்கப் பள்ளிக்கூடம்தான் பூத். எனக்கு வாசலுக்கு எதிரே மைதானத்தில் மேஜை, பட்டியலைப் பார்த்து வரிசை எண் சொல்வது வேலை. அரசாங்க வேலை என்பதால் ஊர் என்னை அங்கே உட்கார விட்டது. ஊர்த் தலைவர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க குந்துங்க, அது டூட்டி. வெரல் மட்டும் சுத்தமா இருக்கட்டும்" என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. வாக்குச்சாவடி அதிகாரியும் அவருடைய ஆட்களும் உள்ளே, போலீஸ்காரர் ஒருவர் வாசலில், நான் மைதானத்தில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஊர் ஆண்கள். பதினோரு மணிக்குத் தாசில்தார் ஜீப்பில் வந்து கெஞ்சிப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் அதிகாரி எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். எழுநூறு பேருக்கு மேல் உள்ள பட்டியலில் ஒரு கோடுகூடப் போடாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு நீ வந்தாய். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவை. வேப்பமரத்தடியைத் தாண்டித்தான் வர வேண்டும், தாண்டி வந்தாய். என்னிடம் சிலிப்பை நீட்டினாய். வரிசை எண்ணைப் படித்துச் சொல்லிப் பட்டியலில் அன்றைய முதல் கோட்டைப் போட்டேன். உள்ளே போனாய். அப்புறம் அந்த மெஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டதே, கூட்டம் இருக்கிற நாளில் அது யார் காதிலும் விழாது. அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மரத்தடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். நீ வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு அங்கே நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை போகவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரையும் கோயிலுக்கு முன்னால் வரச் சொன்னார்கள், பெண்களையும் சேர்த்து. நான் இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெண்களை ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, இடது கை விரலைக் காட்டுவதற்காக. வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகக் காட்டினோம். என் முறை வந்தபோது தலைவர் பார்க்கக்கூட இல்லை, "டீச்சருக்கு எதுக்கு" என்று அனுப்பிவிட்டார். நீ உன் முறைக்குக் காத்திருக்கவில்லை. வரிசைக்கு வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டினாய்.

"யாருக்குப் போட்ட?" என்று தலைவர் கேட்டார்.

"அது எனுக்கும் பொட்டிக்கும் உள்ள பேச்சு. உனுக்கு எதுக்கு?" என்றாய்.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மூன்று மாசம் ஊர் உன்னோடு பேசக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதோடு போயிருந்தால் நீ தாங்கியிருப்பாய். மூன்று மாசம்தானே, வாயை மூடிக்கொண்டு வேறு கரையில் மீன் எடுத்திருப்பாய். யாருக்குப் போட்டாய் என்பது உன்னோடு இருக்கும் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன். பயிற்சி வகுப்பில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள், பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்கிற தாளை எவனோ ஒரு கட்சிக்காரன் ஃபோட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். தலைவரும் இன்னும் மூன்று பேரும் அங்கன்வாடிக்கே வந்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "டீச்சர், இது நம்ம பூத்துதானே?" என்று கேட்டார். பார்த்தேன். வரிசையாகச் சைபர், சைபர், சைபர். கத்தரிக்கோலுக்கு நேராக மட்டும் ஒன்று. பூத் எண் மங்கலாகத்தான் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் கேள்விப்படாத ஒரு பாய்க்கு, ஊர்க் கட்டுப்பாட்டை மீறி, புடவை கட்டிக்கொண்டு போய் ஒரு கைம்பெண் ஓட்டுப் போடுகிறாள் என்றால் அவர்களுக்குள் என்ன என்று கேட்டார்கள். உன்னோடு பேசக் கூடாது என்று கட்டுப்பாடு, உன்னைப் பற்றிப் பேச ஒரு கட்டுப்பாடும் இல்லை. கடப்பாக்கம் பஜாரில் நீ அந்தக் கடையில் செருப்பு வாங்கியதைப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னாள். செருப்புக் கடையில் செருப்பு வாங்காமல் வேறு எதை வாங்குவார்கள்? உனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மனிதர் உன் கையில் மைக்கைக் கொடுத்தார், அதற்காகத்தான் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்போது நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பார்கள் என்று பயம்.

கணக்கு ரொம்பச் சின்னது, அக்கா. இரண்டு ஓட்டு விழுந்திருந்தால் எது யாருடையது என்று எந்தத் தாளாலும் சொல்லியிருக்க முடியாது. கத்தரிக்கோலுக்குப் போட்டது நீயா நானா என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டு இருந்திருக்கும். நான் வேறு யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், யாருக்கும் இல்லை என்கிற பட்டனைக்கூட அழுத்தியிருக்கலாம். நான் உள்ளே போயிருந்தாலே போதும். ரகசிய ஓட்டு, ரகசிய ஓட்டு என்று நாங்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறவர்களுக்குத்தான் அந்த ரகசியம். தனியாகப் போகிறவளுடைய ஓட்டை எண்ணித் தாளில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். பயிற்சி வகுப்பில் ஒரு தடவை இதைக் கேட்டேன். "மேடம், அப்படி எங்கேயாவது நடக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

பேச்சுரிமை சட்டத்தில் இருக்கிறது என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பேசினவள் மறுநாள் எந்தக் கரையில் மீன் எடுப்பாள் என்று அதில் எழுதவில்லை. மூன்று மாசம் முடிந்தும் ஏலத்தில் நீ கேட்ட விலைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடியற்காலையில் இரண்டு குப்பம் தள்ளி நடந்துபோய் மீன் வாங்கி வந்தாய். கடப்பாக்கத்திலும் வாடிக்கைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்றாய். பாய் பாவம், பஸ் ஸ்டாப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார், இன்னொரு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அடுத்த மழைக்கு உன் வீட்டு முன்சுவரும் விழுந்தது. மறைமலைநகரில் மருமகன் கம்பெனியில் வேலை செய்கிறான், அங்கே போகிறேன் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். பஸ் ஏற்றிவிட நான்கூட வரவில்லை. அன்று ஏதோ மீட்டிங் என்று சொன்னேன். மீட்டிங் இல்லை.

ஒரே ஒரு தடவை அங்கே வந்து உன்னைப் பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒரு மீன் கடையில் மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஐஸ் வைத்த மீனைக் கையால் அழுத்திக் காட்டி, "இதுக்குப் பேரு மீனாம், டீச்சரு" என்றாய். சிரித்தோம். கல் வந்ததா என்று கேட்டாய், வரவில்லை என்றேன். புறக்கணிச்சாங்களே அதுக்கு ஒரு ஆளாவது வந்து ஏன்னு கேட்டானா என்றாய். யாரும் வரவில்லை, ஜெயித்தவர் நம் குப்பத்துப் பக்கமே வரவில்லை என்றேன். போகும்போது, என் மேல் கோபமா அக்கா என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? உன் வூட்டுக்காரரு கடலுக்குப் போவணும்ல" என்றாய். ஒரு பொட்டலம் வஞ்சிரத் துண்டு கட்டி என் பையில் போட்டாய்.

நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மீனை வீட்டில் கொண்டுவந்து குழம்பு வைத்தேன், என்னால் சாப்பிட முடியவில்லை. ஆறு மாசம் கழித்து உன் மகள் ஃபோன் செய்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் நாலே நாளில் போய்விட்டாய் என்றாள். குப்பத்திலிருந்து சாவுக்கு வந்தது நான் ஒருத்திதான். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு மீட்டிங் இருந்தது, அதற்குப் போகவில்லை.

இப்போது மறுபடியும் ஓட்டுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை புறக்கணிப்பு இல்லை. ஒரு பெரிய கட்சியின் ஆள் கார் போட்டுக்கொண்டு வந்து கோயிலுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். எல்லா ஓட்டும் ஒரே மூட்டையாக அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. போன தடவை போடாதே என்றார்கள், இந்தத் தடவை இவருக்குப் போடு என்கிறார்கள். நம்மைக் கேட்கவில்லை. நம் சந்தில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, "போன தடவை கேட்ட கல் எங்கே?" என்று ஃபோனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். வேறொன்றும் இல்லை, அந்த ஒரு வரிதான். அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டுக் கோயிலுக்கு முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். சாயங்காலம் அவள் ஸ்டேட்டஸில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அந்த ஒரு வரியை நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும், பார்த்தவர்கள் வரிசையில் என் பெயரையும் காட்டியிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு தடவை குழாயடியில் எதிரெதிரே நின்றோம். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு என்ன நம்பிக்கை இருக்கிறது என்று கேட்காதே. டில்லியில் இவர் வந்தால் நாடு பிழைக்கும், அவர் வந்தால் நாசமாய்ப் போகும் என்று டீவியில் கத்துகிறார்கள். கத்துகிற இரண்டு பேருக்கும் மைக் இருக்கிறது. மைக் இல்லாதவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள். வாசலில் மேஜை போட்டு உட்காருகிற எனக்கு அது தெரிகிறது, மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. இந்தத் தடவை ஊரே வரிசையில் நிற்கும், நான் எந்தப் பட்டனை அழுத்தினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உனக்குக் கிடைக்காத அந்த மறைவு எனக்குக் கிடைக்கும். கிடைத்தும் ஊர் சொன்ன பட்டனைத்தான் அழுத்துவேன் என்று நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

உன் கட்டத்தில் கடைசியில் இறப்பு என்று எழுதிவிட்டேன். உன்னை ஊரை விட்டுத் துரத்தினோம் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூத்தை விட்டு வெளியே வந்த நீ வீட்டுக்குப் போகவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாய். "போய்ட்டு வா டீச்சரு, மேஜய நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் பட்டியலைப் புரட்டினேன். நாலு மணிக்கு, "இன்னா, காலு மரத்துப் போச்சா?" என்றாய். வெயில் அதிகமாக இருக்கிறது, தாழட்டும் என்றேன். ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது. நீ ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. நீ எதற்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மரத்தடியில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

மணி ஆறாக இருந்தபோது அதிகாரி வாசல்படிக்கு வந்தார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது விதி. "ஓட்டுப் போட வேண்டியவங்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று மைதானத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். மைதானத்தில் இருந்தது நாம் இரண்டு பேர்தான். நான் எழுந்து நின்றேன். நான் போகப்போகிறேன் என்று நினைத்து நீ நாற்காலியைப் பின்னால் இழுத்து எனக்கு வழிவிட்டாய்.

"யாரும் இல்ல, சார்" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. மேஜையின் ஒரு பக்கத்தை நீ பிடித்தாய், இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன், உள்ளே கொண்டுபோய் வைத்தோம். என் பெயர் அந்தப் பட்டியலில் உன் பெயருக்கு நாலு பெயர் தள்ளி இருந்தது, அக்கா. இப்போதும் இருக்கிறது. வீடு வீடாகப் போய் ஓட்டுள்ளவர்கள் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் நான் அன்று சொன்னது எனக்குக் கேட்கிறது. அந்த மைதானத்தில் ஓட்டுப் போட வேண்டிய ஒருத்தி நின்றுகொண்டுதான் இருந்தாள்.